வாணி குதிரை ஓட்டியதற்குக் கூலி வாங்கவில்லை

ஆண்டர்சன்பேட்டை,
கோலார் தங்கவயல்.
வியாழக்கிழமை, காலை காபிக்குப் பின்.

காவேரி குதிரையேற்றப் போட்டிக் கழகத்தின் கௌரவச் செயலாளர், மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய உயர்திரு மனோகர் அவர்களின் மேலான சமூகத்துக்கு, தங்கச் சுரங்கத்தில் கேஜ், அதாவது ஆட்களை இறக்கி ஏற்றும் லிப்ட், ஓட்டிப் பிழைத்தவனும், தங்கள் போட்டியில் பெயர் கொடுத்திருக்கும் செல்வி வாணியின் தகப்பனாருமான தங்கவேலு பணிவன்புடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நான் ஒருவன் சுகம். அவ்விடம் தாங்களும், தங்கள் குடும்பத்தாரும், கழகத்துக் குதிரைகளும் சுகமாயிருக்க முருகப்பெருமானை வேண்டுகிறேன்.

முதலில் கால தாமதத்துக்கு மன்னிக்கவும். தங்கள் கடிதம் இங்கிலீஷில் இருந்ததால் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு மெதுவாகப் படித்தேன். படித்தவரையில் விஷயம் இதுதான். என் மகள் வாணி அமெச்சூர் இல்லை, அதாவது ஆசைக்குக் குதிரை ஏறுகிறவள் இல்லை, கூலிக்குக் குதிரை ஏறுகிற புரொபஷனல் என்று யாரோ ஒரு புண்ணியவான் தங்களிடம் புகார் கொடுத்திருக்கிறார். ஆதாரமாக எங்கள் ஆண்டர்சன்பேட்டைக் கல்யாணம் ஒன்றில் எடுத்த வீடியோவையும் கொடுத்திருக்கிறார். அமெச்சூர் என்று போட்டிக்கு வருகிறவர் குதிரை ஓட்டிச் சன்மானம் வாங்கக்கூடாது, பிரதிபலனுக்கு யாருக்கும் கற்றுக்கொடுக்கக்கூடாது, வியாபார விளம்பரத்துக்குப் படம் கொடுக்கக்கூடாது என்பது கழகத்தின் விதி. வாணி இந்த மூன்றையும் ஒரே நாளில் செய்துவிட்டாள் என்பது புகார். அங்கே நேரில் இருந்த தகப்பனார் எழுத்துமூலம் விளக்கம் தரவேண்டும், சனிக்கிழமைக்குள் வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நடக்கிற அமெச்சூர் பைனலில் அவள் பெயர் இருக்காது என்று முடித்திருக்கிறீர்கள். உடனே தங்கள் ஆபீசுக்குப் போன் செய்தேன். எடுத்த அம்மா, "சாருக்குத் தமிழ் நல்லா வரும், தமிழ்லயே எழுதுங்க" என்றார்கள். அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. இங்கே தமிழ் பேச ஆள் இல்லை என்று நினைக்காதீர்கள், ஊர் பூராவும் தமிழ்தான். பேசத்தான் ஆள் இல்லை.

அமெச்சூர் என்றால் என்ன, புரொபஷனல் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது என்று தாங்கள் எண்ணிவிடக் கூடாது. எங்கள் மைன்ஸில் இதெல்லாம் எப்போதோ தீர்ந்துபோன விஷயம். கூலி வாங்கிக்கொண்டு கேஜில் இறங்கினால் தொழிலாளி. கூலி இல்லாமல் இறங்கினால் விசிட்டர். விசிட்டருக்குப் புது ஹெல்மெட் கொடுப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், மேலே வந்ததும் டீயும் பிஸ்கட்டும் கொடுப்பார்கள். தொழிலாளி மேலே வந்தால் அவன் பாக்கெட்டைத் தடவிப் பார்ப்பார்கள். என் மகள் குதிரை விஷயத்தில் விசிட்டர், சார். அவளைப் போய்ப் பாக்கெட்டைத் தடவிப் பார்க்கிறீர்களே என்பதுதான் என் வருத்தம். கோபமும்தான். மரியாதைக்காக வருத்தம் என்று எழுதினேன்.

வாணி யார் என்று தங்களுக்குத் தெரியணும் இல்லையா. ஒயிட்பீல்டுல கம்ப்யூட்டர் ஆபீஸ்ல வேலை பாக்குறா. சம்பளம் வந்ததும் பாதி அந்தக் குதிரை ஸ்கூலுக்குத்தான் போகுது. அங்கே மேஜர்னு ஒரு குதிரை, சொந்தக் குதிரை இல்லை, ஸ்கூல் குதிரை, சனி ஞாயிறு ஆனா அவன்கூடதான். மேஜர் எத்தனை கேரட் தின்னுவான், எந்தக் காலைத் தூக்கித் தூக்கி வெப்பான், இடி இடிச்சா எப்பிடி நடுங்குவான், எல்லாம் எனக்கு அத்துப்படி. போன்ல அதைத்தான் சொல்லுவா. சொல்லி முடிச்சதும் "சரிப்பா, வெச்சிடட்டா"ன்னுவா. நான் இன்னா சாப்பிட்டேன்னு கேக்க மறந்துடுவா. நான் குத்தம் சொல்லலை சார். மேஜர் வாயில்லா ஜீவன், அதை ஒருத்தர் விசாரிக்கணும். எனக்கு வாய் இருக்குது, ஆனா கேட்டாத்தானே சொல்ல முடியும். என் சம்சாரம் பார்வதம்மா காலமான அன்னைக்கு வாணி என் கையைப் புடிச்சிகினு, "வாராவாரம் வருவேன்பா"ன்னு சொன்னா. வந்தா, பொய் சொல்லக்கூடாது. அப்புறம் மாசத்துக்கு ஒருவாட்டின்னு ஆச்சு. அப்புறம் "பைனல் முடியட்டும்பா"ன்னு ஆச்சு. இந்தப் பைனலுக்காக ரெண்டு வருஷமா கீழ விழுந்து எழுந்துகினு இருக்கிறா. அவளைப் புரொபஷனல்னு தள்ளிட்டா, பொறந்ததுல இருந்து குதிரை மேலயே இருக்கிற ஆளுங்களோட போய் மோதணும். கம்ப்யூட்டரைத் தட்டுற பொண்ணு அவங்களோட எங்க மோதுறது? ஆகவே இது சின்ன விஷயம் இல்லைன்னு தாங்கள் தெரிஞ்சுக்கணும்.

இப்ப கல்யாணத்துக்கு வரேன். எங்க தெருக் கோடியில ஹார்டுவேர் கடை வெச்சிருக்கிற நாகேஷ், அவரு பையன் ராகவ்வுக்குக் கல்யாணம். நாகேஷ் தானே போன் போட்டு வாணியைக் கூப்பிட்டாரு. நான் கூப்பிட்டா ஆபீஸ்ல மீட்டிங், நாகேஷ் கூப்பிட்டா லீவு கிடைக்குது, அது எப்பிடின்னு நான் கேக்கலை, வந்தாளேன்னு சந்தோசப்பட்டேன். அவங்க அம்மாவோட மாம்பழக் கலர் பட்டைக் கட்டிகினு வந்து நின்னா பாருங்க, நான் கதவைப் புடிச்சிகினேன். அன்றைய தினம் மாப்பிள்ளை அழைப்புக்குப் பூதிகோட்டை பக்கத்துல இருந்து வெள்ளைக் குதிரை வந்தது. முழு வெள்ளைன்னு சொல்ல முடியாது, முதுகுல பவுடர் போட்டிருந்தாங்க. மாப்பிள்ளை தோழனுங்க ஒரு மாசமாவே மார்க்கெட் பூரா பிளெக்ஸ் கட்டி, "ராகவ் குதிரையில் வருகிறார், வழி விடுங்கள்"னு போட்டிருந்தானுங்க. ராகவ் நல்ல பையன்தான். ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காந்தாக்கூட ஓட்டுறவன் சட்டையைப் புடிச்சுக்குவான், அவனைக் கொண்டுபோய்க் குதிரை மேல ஏத்துனா? பேண்டு செட்டுக்காரங்க கிளம்பினாங்க, குதிரையும் பாவம் ஒழுங்காத்தான் நடந்தது, மார்க்கெட் முனைக்கு வந்ததும் இந்தத் தோழனுங்க சரவெடியைக் கொளுத்திக் குதிரை காலடியிலயே போட்டானுங்க. அது ரெண்டு காலைத் தூக்கிச்சு. அடுத்த நிமிஷம் குதிரை ஒரு பக்கம், தலைப்பாகை ஒரு பக்கம், ராகவ் தக்காளிக்கடையில. எங்க ஜில்லாத் தக்காளியைப் பத்தித் தங்களுக்குத் தெரியாததா, நல்லாப் பழுத்த தக்காளி. வெள்ளை ஷெர்வானியில எழுந்து வந்தவனைப் பாத்துட்டு அவங்க அத்தை "ஐயோ ரத்தம்"னு மயங்கி விழுந்து, அவங்களுக்குச் சோடா வாங்க ஒரு கூட்டம் ஓடி, அந்தக் கூட்டத்தைப் பாத்துக் குதிரை இன்னும் மிரண்டு, நேரா எங்க பக்கமா வருது.

ஊரே ஒதுங்குது, வாணி மட்டும் எறங்கி நடுரோட்ல நிக்குறா. நான் "ஏய் வாணி, வாடி இந்தப் பக்கம்"னு கத்துறேன். அவ திரும்பிக்கூடப் பாக்கலை. கையைத் தாழ்த்தி வெச்சிகினு, "ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல, நான் இருக்கேன்"னு மெதுவா சொல்லிகினே நிக்குறா. குதிரை வேகம் கொறைஞ்சு, மூச்சு வாங்கிகினு வந்து, அவ தோள்ல மூஞ்சியை வெச்சது சார். எனக்கு அந்தக் குரல் தெரியும். எனக்குக் காய்ச்சல் வந்தா பார்வதம்மா அந்தக் குரல்லதான் பேசுவா. அந்த எடத்துல நான் அழுதுட்டேன், பட்டாசுப் புகைன்னு பக்கத்துல இருந்தவங்ககிட்ட சொல்லிச் சமாளிச்சேன். அதுக்கப்புறம்தான் வில்லங்கமே. ராகவ், "செத்தாலும் அதுமேல ஏற மாட்டேன்"னுட்டான். நாகேஷ், "மண்டபத்து வாசல்ல பொண்ணு வீட்டுக்காரங்க எல்லாம் நிக்குறாங்க, குதிரை இல்லாமப் போனா என் மானம் போயிடும்"னு தலையில கை வெச்சிகினாரு. குதிரைக்காரரைத் தேடினா ஆள் இல்லை, பிரியாணி ரெடியான்னு பாக்க அப்பவே மண்டபத்துக்குப் போயிட்டாராம். வேற யாரு கயித்தைப் புடிச்சாலும் குதிரை நகர மாட்டேங்குது. கடைசியில வாணிதான் பட்டுப்புடவையை இழுத்துச் சொருகிகினு ஏறினா. மாப்பிள்ளை தக்காளிச் சட்டையோட பக்கத்துல நடந்தான்.

தங்கள் புகார்க்காரர் கொடுத்த வீடியோவுல, குதிரை மேல இருக்கிற வாணிக்கு ஆரத்தி எடுக்குறது தெரியுதுன்னும், அது பரிசு மரியாதைன்னும் எழுதியிருக்கீங்க. சார், குதிரை மேல வர்றது யாரோ அவங்களுக்கு ஆரத்தி எடுக்கணும்னு அந்தப் பொம்பளைங்களுக்குச் சொல்லி வெச்சிருந்தாங்க, கற்பூரமும் ஏத்தியாச்சு, அவங்க இன்னா பண்ணுவாங்க? பொண்ணோட அண்ணன்காரன் வீடியோக்காரரைப் பாத்துச் சிரிச்சிகினே மாலையை வாணி கழுத்துல போட்டுட்டான். கையில மோதிரமும் வெச்சிகினு விரலைத் தேடினான், அதுக்குள்ள பின்னாடி இருந்து ராகவ் "மச்சான், நான் இங்க இருக்கேன்"னு கையை நீட்டினான். இதுல முக்கியமான பாயிண்ட் ஒண்ணு இருக்குது. ஆரத்தி எடுத்தா தட்டுல பணம் போடணும், அது எங்க வழக்கம். வாணிகிட்ட பர்ஸ் இல்லை, என்னைப் பாத்தா, நான் போய்ப் போட்டேன். ஆகக் குதிரை ஏறினதுக்கு எங்க குடும்பம் பணம் வாங்கலை, பணம் குடுத்திருக்குது. பணம் குடுத்துக் குதிரை ஏறினவளைப் புரொபஷனல்னு உலகத்துல எந்தக் கழகமாவது சொல்லுமா? இதை அடிக்கோடு போட்டுப் படிக்கவும்.

அடுத்தது அந்தக் கவர். எங்க ஊர்ல மொய் வெச்சா மைக்குல சொல்லணும், இல்லைன்னா வெச்ச மாதிரியே கணக்கு இல்லை. மைக் செட் மாணிக்கராஜ் காலையில மைக்கைப் புடிச்சா கரெண்டு போனாத்தான் விடுவாரு. நாகேஷ் உணர்ச்சிவசப்பட்டு மேடையில ஒரு கவரை எடுத்து வாணிகிட்ட நீட்டினாரு. மாணிக்கராஜ் சும்மா இருந்திருக்கலாம். "மாப்பிள்ளைக் குதிரையை அடக்கி ஓட்டி மண்டபம் சேர்த்த வீராங்கனை வாணி அவர்களுக்கு, நாகேஷ் குடும்பத்தார் வழங்கும் சன்மானம்!"னு ஊரே அதிர்ற மாதிரி சொல்லிட்டாரு. அந்தச் சன்மானம்ங்கிற வார்த்தைதான் வீடியோவுல கணீர்னு இருக்குது, அதைத்தான் தாங்களும் புடிச்சிகினு இருக்கீங்க. மேடையில நீட்டின கவரை எங்க ஊர்ல வேணாம்னு சொல்லக்கூடாது சார். சொன்னா ரெண்டு வீட்டுக்கும் ஜென்மத்துக்கும் பேச்சு இருக்காது. என்கூடப் பேச்சு வெச்சிருக்கிறதே நாகேஷ் மாதிரி ஒண்ணு ரெண்டு பேருதான், அதையும் கெடுத்துக்கச் சொல்றீங்களா? அவ ரெண்டு கையாலயும் வாங்கினா, கீழ எறங்கினா, "அப்பா, இதை நான் வாங்கக்கூடாது, வம்பு"ன்னு என் கையில குடுத்தா. நான் பிரிக்காம அப்பிடியே கொண்டுபோய் மொய் மேசையில வாணி பேர்ல வெச்சுட்டேன். மாணிக்கராஜ் அதையும் மைக்குல சொன்னாரு. ஆனா அதுக்குள்ள பந்தி ஆரம்பிச்சுட்டாங்க. பந்தி ஆரம்பிச்சா எங்க ஊர்ல எந்தப் போனும் வீடியோ எடுக்காது, எல்லாக் கையும் இலையிலதான். குடுத்தது வீடியோவுல இருக்குது, திருப்பினது இல்லை. அன்றைய தினம் அந்தக் கல்யாணத்துல இருந்து எங்க வீட்டுக்கு ஒரு ஸ்பூன்கூட வரலைன்னு சத்தியம் பண்றேன். அன்றைய தினம் வந்தது எல்லாருக்கும் குடுத்த தாம்பூலப் பை ஒண்ணு. அதுல இருந்த தேங்காயும் அழுகல்.

கத்துக்குடுத்தாங்கிற விஷயம். குதிரைக்காரர் ஒருவழியா வாயைத் தொடைச்சிகினு வந்தாரு. குதிரை வாயில கடிவாளம் இறுக்கி ரத்தம் கட்டியிருந்ததாம், வாணிக்குக் கோவம் வந்துடுச்சு. மண்டபத்துக்குப் பின்னாடி நிக்க வெச்சு அவரைத் திட்டினா, அப்புறம் எப்பிடிக் கட்டுறது, எங்க தளர விடுறது, எப்பிடித் தடவிக் குடுக்கிறதுன்னு சொல்லிக் குடுத்தா. திட்டினதுக்கும் பீஸ் உண்டா சார்? நான் பந்தியில அவளுக்குன்னு பக்கத்து எடத்துல கைக்குட்டை போட்டு வெச்சிருந்தேன். பரிமாறுறவங்க "இது யாருது, இது யாருது"ன்னு கேட்டுகினே போறாங்க, நானும் "வர்றாங்க, வர்றாங்க"ன்னு சொல்றேன். என் இலையில ரசம் ஊத்துற வரைக்கும் பாத்தாங்க, அப்புறம் அந்த எடத்துல வேற ஒருத்தரு உக்காந்துட்டாரு. ராத்திரிக்கு இருப்பான்னு மட்டன் வாங்கி வெச்சிருந்தேன். அவ சாப்பிடாமலே சாயந்திர ரயிலுக்குக் கிளம்பிட்டா, காலையில மேஜருக்குப் பிராக்டீஸ் இருக்குதாம். அந்தக் குழம்பை நான் எத்தனை வேளை சூடு பண்ணிச் சாப்பிட்டேன்னு சொன்னா தாங்கள் சிரிப்பீங்க. அடுத்த வாரம் குதிரைக்காரர் வந்து, "அக்காவுக்குக் குடுங்க"ன்னு ஒரு மூட்டை குதிரைச் சாணியை வாசல்ல போட்டுட்டுப் போனாரு. பிரதிபலன்னு தாங்கள் கேக்குறது இதுவா இருந்தா, மிச்சம் இருக்கிறதைக் கழகத்துக்குப் பார்சல் பண்ண நான் தயார், செலவு என்னுது. போட்டது போட்டாச்சு, பார்வதம்மா வெச்ச மல்லிச்செடிக்குப் போட்டேன். இப்ப பூத்துக் கொட்டுது. வெச்சுக்கத்தான் வீட்ல தலை இல்லை.

விளம்பரம்னு சொல்றது நாகேஷ் பண்ணின கூத்து. கல்யாணம் முடிஞ்சு பாத்தா கடை வாசல்ல ஆள் ஒசரத்துக்குப் பிளெக்ஸ். குதிரை மேல வாணி, பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் தண்ணி டேங்க், கீழ "அடங்காததையும் அடக்கும், எங்கள் டேங்க்"னு எழுத்து. நான் ஓடிப்போய், "இன்னாங்க நாகேஷ் இது, பொண்ணைக் கேட்டீங்களா?"ன்னேன். "அண்ணே, பொண்ணுக்கு மரியாதை பண்ணியிருக்கேன், டேங்க் சும்மா பக்கத்துல நிக்குது"ன்னாரு. வாணிக்குத் தெரிஞ்சா பேசமாட்டாளேன்னு பயந்து, "கழட்டுங்க, இல்லைன்னா நான் இந்த வாசல்லயே உக்காந்துக்குவேன்"னு உக்காந்துட்டேன். வர்ற கஸ்டமர் எல்லாம் என்னைத் தாண்டிப் போகணும், எங்கிட்ட விலை வேற கேக்குறாங்க. நாகேஷ் கழட்டிக் குடுத்துட்டாரு. கழட்டினதைக் கிழிக்க மனசு வருமா? மகள் மூஞ்சி சார் அது. தெருவுல யாரும் பாக்கக்கூடாதுன்னு வீட்டுக்குள்ள கூடத்துச் சுவத்துல கட்டி வெச்சிருக்கேன். சாப்பிடும்போது எதிர்ல வாணி இருக்கிறா, குதிரை இருக்குது, டேங்கும் இருக்குது. வீட்ல கொஞ்சம் கூட்டமா இருக்கிற மாதிரி இருக்குது. இது விளம்பரம் ஆகுமான்னு கழகமே சொல்லட்டும். பாக்குறது நான் ஒருத்தன், எனக்கு டேங்க் வேணாம், ஒரு பக்கெட் போதும்.

இவ்வளவையும் ஒரே நாள்ல எழுதி அனுப்பியிருக்கலாம். ஏன் லேட்டுன்னு உண்மையைச் சொல்லிடுறேன். தங்கள் கடிதம் வந்ததுல இருந்து வாணி தினம் போன் பண்றா. தினமும் சார். "எழுதிட்டீங்களாப்பா?"ன்னு கேக்குறா, "எழுதிகினே இருக்கேன்மா"ன்றேன், "எங்க, படிங்க"ன்றா. நான் எழுதின வரைக்கும் படிக்கிறேன். "ஆரத்தி மேட்டர் வேணாம்பா, சிரிப்பாங்க"ன்றா. "அதுதான் நம்ம மெயின் பாயிண்டு"ன்றேன். தக்காளியைப் படிச்சப்போ ரெண்டு பேரும் சிரிச்சோம், அவளுக்கு விக்கல் வந்துடுச்சு. ஒருநாள் நான் கண்ணாடியைத் தேடிகினு இருந்தப்போ, சும்மா இருக்கிற நேரத்துல, "சாப்டீங்களாப்பா?"ன்னு கேட்டா. கேஜ் ஓட்டுறவனுக்குக் கீழ இருந்து மணி அடிச்சாத்தான் வேலை, மணி அடிக்கிற வரைக்கும் கம்பியைப் புடிச்சிகினு சும்மா உக்காந்திருப்பான். எனக்கு இப்ப அந்தப் போன்தான் மணி. அதனால ஒரு நாளைக்கு ரெண்டு வரி, மூணு வரின்னு எழுதினேன். கண்ணு தெரியலைன்னேன், பேனாவுல மை இல்லைன்னேன். நேத்து அவ, "அப்பா, இது போய்ச் சேரலைன்னா ஞாயித்துக்கிழமை நான் கேலரியில உக்காந்து அடுத்தவங்க ஓட்டுறதைப் பாக்கணும், உங்களுக்குப் புரியுதா?"ன்னு கேட்டா. அழறதை மறைக்கிறது அவளுக்குத் தெரியாது, சின்னதுல இருந்தே தெரியாது. போனை வெச்சதும் உக்காந்து மிச்சத்தையும் எழுதி முடிச்சுட்டேன். அவ ஆசைப்பட்ட ஒண்ணுல என் பேராசையைக் கொண்டுபோய் முட்டுக்கட்டையா வெக்கக் கூடாது. ஞாயித்துக்கிழமை என்னை வர வேணாம்னு சொல்லிட்டா. நான் பாத்தா கை நடுங்குமாம். இருக்கட்டும், நடுங்காம ஓட்டட்டும்.

ஆகையால் சார், என் மகள் அன்றைய தினம் குதிரை ஓட்டிக் கூலி வாங்கவில்லை, பிரதிபலனுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை, டேங்க் விற்கவில்லை என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன். அவள் அமெச்சூர்தான். எதைச் செய்தாலும் ஆசைக்குத்தான் செய்வாள். இந்த விசாரணையை இத்துடன் மூடிவிட்டு, இனி எங்களை ஒரு கேள்வியும் கேட்காமல், ஞாயிற்றுக்கிழமை அவளை மேஜர் மேல் ஏற விடும்படி தங்கள் காலைத் தொட்டுக் கேட்டுக்கொள்கிறேன். தினமும் பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போகிற பக்கத்து வீட்டுப் பாக்கியவதி இதைத் தங்கள் ஆபீசிலேயே நேரில் கொடுத்துவிடுவதாகச் சொல்லி, ரயிலுக்கு நேரமாச்சு என்று வாசலில் நின்று பல்லைக் கடிக்கிறார்கள். தங்கள் இல்லத்திலும் கழகத்திலும் உள்ள இரண்டு கால், நாலு கால் அனைவருக்கும் என் ஆசீர்வாதம். மேஜரைப் பார்த்தால், வாணியின் அப்பா விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை வாசலிலேயே எதிர்பார்த்திருக்கும்,
தங்கவேலு

பி.கு.: இந்தப் பின்குறிப்பை மட்டும் தனித்தாளில் எழுதி மடித்து ஸ்டேப்ளர் பின் அடித்திருக்கிறேன். திங்கட்கிழமை பிரித்துப் படிக்கவும். அதற்குள் பிரித்தால் தங்கள் மனச்சாட்சி, நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

மேலே "அன்றைய தினம், அன்றைய தினம்"னு நான் வக்கீல் மாதிரி எழுதிகினு வந்ததைத் தாங்கள் கவனிச்சிருப்பீங்க. விஷயம் இருக்குது. கல்யாணம் முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு நாகேஷ் வந்து எவர்சில்வர் டபரா டம்ளர் ஒரு செட்டு குடுத்துட்டுப் போனாரு. பேர் வெட்டுறதுக்கு லேட்டாயிடுச்சாம். டம்ளர்ல, "செல்வி வாணிக்கு, குதிரை ஓட்டியதற்காக, நாகேஷ் குடும்பத்தார்"னு நல்லா ஆழமாவே வெட்டியிருக்குது, தேய்ச்சாலும் போகலை. வாணிக்கு இது தெரியாது, பார்வதம்மா மேல சத்தியம். அவ வரும்போது குடுக்கலாம்னு அலமாரியில வெச்சிருந்தேன். வரலை. சும்மா இருந்தா மங்கிடுமேன்னு தினம் காலையில அதுலதான் நான் காபி குடிக்கிறேன்.

இது சன்மானமா இல்லையான்னு எனக்குத் தெரியலை. அதனால, இனி ஒரு கேள்வியும் வேணாம்னு மேலே எழுதினதை அடிச்சுட்டு, போட்டி முடிஞ்ச பிறகு, அடுத்த வருஷப் போட்டிக்காகன்னு சொல்லி, இது விஷயமா விளக்கம் கேட்டு எனக்கு ஒரு கடிதம் போடுங்க. வாணிக்கும் ஒரு காப்பி அனுப்பணும், அது ரொம்ப முக்கியம். எல்லாத்தையும் ஒரே கடிதத்துல கேட்டுடாதீங்க. இந்த மாசம் டம்ளரைப் பத்திக் கேளுங்க, அடுத்த மாசம் டபராவைப் பத்திக் கேட்டுக்கலாம். கடைசியில சன்மானம்தான்னு முடிவாச்சுன்னா, குதிரை ஏறினவங்க தானே நேர்ல வீட்டுக்கு வந்து, தகப்பனார் கையால அதை வாங்கி, நாகேஷ்கிட்ட திருப்பிக் குடுக்கணும்னு கழகத்துல ஏதாவது விதி இருக்குதான்னு பாருங்க. இல்லைன்னா ஒண்ணு போடுங்க. எந்த நாள் வெச்சாலும் எனக்குச் சம்மதம், நான் வீட்லதான் இருக்கேன்.